சார்ஜருக்கு ஒரு சிறப்பு விருந்தினர்

"சார், காருக்கு ஒரு சார்ஜர் வேணும்."

"கார் பெட்ரோல்லதானே ஓடுது?"

"காருக்கு இல்ல சார். கார்ல சொருகி போனுக்குப் போடறது. சீக்கிரமா ஏறுமே, அந்த மாதிரி."

"அப்போ போனுக்குன்னு சொல்லு. போனுன்னா அது என் பிரிவு இல்லப்பா."

வண்டிப் பிரிவு அதிகாரி இப்படிச் சொல்லிவிட்டு மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார். துரிதப் பணி வாரியத்தில் ஒரு விஷயம் ஆரம்பமாவது எப்போதும் இப்படித்தான்.

வாரியத்தின் வேலை, வேலையைச் சீக்கிரம் முடிப்பது எப்படி என்று மற்ற அலுவலகங்களுக்குச் சொல்லித் தருவது. வாசலில் 'இன்றே, இப்போதே' என்று பெரிய பலகை இருக்கிறது. அதற்கு விளக்குப் போடும் தீர்மானம் நிலுவையில் இருப்பதால் பொழுது சாய்ந்தால் பலகை தெரியாது.

சார்ஜர் கேட்டவர் இயக்குநரின் கார் ஓட்டுநர். இயக்குநர் போன் எடுக்க மாட்டார். எடுத்தால் பதில் சொல்ல வேண்டிவரும், பெரிய பதவிக்கு அது ஆகாது என்பது அவர் கொள்கை. அதனால் மொத்த வாரியமும் ஓட்டுநரைத்தான் கூப்பிடும்.

"ஐயா எங்க இருக்கார்?"

"வண்டியிலதான் சார்."

"முகம் எப்படி இருக்கு?"

"பின்னாடி உக்காந்திருக்கார் சார். தெரியல."

"கண்ணாடியில பாத்துச் சொல்லேன்பா. நல்லா இருந்தா கையெழுத்துக்கு வரேன்."

இது போதாதென்று, கார் எந்தத் தெருவில் நிற்கிறது என்று வாரியத்துக்குக் காட்டிக்கொண்டே இருக்க, போனில் வரைபடம் நாள் முழுக்க ஓட வேண்டும். காலையில் நிறைந்த வயிறோடு கிளம்பும் போன் மதியத்துக்குள் சுருண்டுவிடும். காரோடு வந்த பழைய சார்ஜர் ஒன்று இருந்தது. சொருகினால் சார்ஜ் ஏறுகிற படம் வரும். வெறும் படம். பக்கத்திலேயே எண் இறங்கிக்கொண்டிருக்கும்.

சொந்தமாக ஒன்று வாங்கிச் சொருகிக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். முன்பு இருந்த ஓட்டுநர் அப்படித்தான் செய்தார். தணிக்கைக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. போனுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலிருந்து. பேட்டரிக்கு? எஞ்சினிலிருந்து. எஞ்சினுக்கு? பெட்ரோலிலிருந்து. பெட்ரோல் யாருடையது? அந்த ஓட்டுநர் வாரியத்தின் பெட்ரோலைத் தன் போனுக்குள் கடத்தினார் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர் ஓய்வு பெற்றும் இன்னும் ஓய்வூதியம் வரவில்லை. அதிலிருந்து வாரியப் பொருள் தவிர வேறு எதையும் காரில் சொருகக் கூடாது என்று விதி வந்தது. கட்டடத்துக்குள் இருக்கிற பிளக்குகளோ பதவி உள்ளவர்களுக்கு.

ஓட்டுநருக்குப் போன் உயிரோடு இருந்தே ஆகவேண்டிய காரணம் வீட்டில் இருந்தது. அவருடைய அப்பா.

அப்பா பெரிய அலுவலகமொன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஞாபகம் கலைந்துகொண்டே வருகிறது. மகன் ஒருவன் இருக்கிறான் என்பது நினைவிருக்கும், அவன் முகம் இருக்காது. காலையில் குளித்து, வெள்ளைச் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, பேனாவைக் குத்திக்கொண்டு, "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று இறங்கி நடந்துவிடுவார். ஒருநாள் கதவைப் பூட்டிப் பார்த்தார்கள். சாயங்காலம் வரை உள்ளேயிருந்து கதவைத் தட்டி, "திறங்கப்பா, என் கையெழுத்து இல்லாம எதுவும் நகராது" என்று கெஞ்சியிருக்கிறார். மருமகள் அதற்குப்பிறகு பூட்டவில்லை. அவருடைய எல்லாச் சட்டைப் பைகளிலும் உள்பக்கமாகப் புருஷனின் போன் நம்பரைத் தைத்து வைத்தார். யாராவது பார்த்தால் கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டார்கள். போன் அணைந்திருந்தது.

"என்னங்க, போனை அணைச்சா வச்சிருந்தீங்க?"

"அணைக்கல. செத்துப்போச்சு."

"தையல்கடைக்காரம்மா அடிச்சு அடிச்சு அலுத்துட்டாங்களாம். மாமா அவங்க கடை வாசல்ல வெயில்ல நின்னுக்கிட்டே இருந்திருக்காரு. உள்ள வந்து உக்காருங்கன்னா, 'அனுமதி இல்லாம வரமாட்டேன்'னு சொல்லியிருக்காரு. அப்படியே மயங்கி விழுந்துட்டாரு. நான் ஷிப்ட் முடிஞ்சு தேடிப் போறதுக்குள்ள எனக்கு உயிரே இல்ல. எங்க கம்பெனியில போனை வாசல்லயே வாங்கி வச்சுக்கறான். நீங்களும் எடுக்கலைன்னா அவரு யாருகிட்டதான் போவாரு?"

"நாளைக்கே சார்ஜருக்குச் சொல்லிடறேன்."

"நாளைக்கேன்னா என்னைக்கு?"

ஓட்டுநர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அவர் வேலை பார்ப்பது துரிதப் பணி வாரியத்தில்.

மனைவி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நம்பருக்குக் கீழே வாரியத்தின் பெயரையும் தைத்தார். "போனை எடுக்கலைன்னாலும் அங்கயாவது கொண்டாந்து விடுவாங்கல்ல?"

வண்டிப் பிரிவு கைவிரித்ததும் ஓட்டுநர் தொலைத்தொடர்புப் பிரிவு மேடத்திடம் போய் நின்றார்.

"போன் வாரியத்துதா, உன்னுதா?"

"என்னுதுதான் மேடம்."

"உன் போனுக்கு வாரியம் எதுக்கு சார்ஜர் வாங்கணும்?"

"எல்லாரும் அதுலதான மேடம் கூப்பிடறீங்க?"

"கூப்பிடறது நாங்க. எடுக்கறது நீ. எடுக்கச் சொல்லி உனக்கு உத்தரவு ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்போ நீயா பழகிக்கிட்ட பழக்கம். அதோட, அது எதுல சொருகறது?"

"கார்ல மேடம்."

"கார்ன்னா வண்டிப் பிரிவு."

ஒரு முனை காரிலும் மறுமுனை போனிலும் இருக்கிற பொருளை எந்தப் பிரிவும் ஏற்கவில்லை. நடுவில் இருப்பது வயர். வயர் மின்பணிப் பிரிவு. அந்தப் பிரிவில் இருந்த ஒரே ஆள் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த நாற்காலியில் யாரும் இல்லை. ஆனாலும் விஷயம் நின்றுவிடவில்லை. எல்லாப் பிரிவும் அதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தன. போனில்.

"சார்ஜர் கேட்டது நீதானேப்பா? ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார். கொஞ்சம் சுருக்கமா. சார்ஜ் இல்ல."

"அதான் எங்க சந்தேகமும். ஏன் உன் போன்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது? விவரமா சொல்லு, எழுதிக்கறேன்."

விவரம் சொல்லி முடிப்பதற்குள் போன் அணைந்துவிடும். மறுநாள் காலையில் முதல் அழைப்பு, "நேத்து பாதியில ஏன் வச்சுட்ட?" என்று வரும். முன்பு மதியம் வரை தாங்கிய போன், சார்ஜர் கேட்டதிலிருந்து பதினோரு மணிக்கே படுத்துக்கொண்டது.

கடைசியில் செயலாளர் தலைமையில் குழு கூடியது. ஓட்டுநரைக் கதவோரம் நிற்க வைத்தார்கள். பயனாளர் என்ற முறையில்.

"நாம யாரு?" என்று ஆரம்பித்தார் செயலாளர். "துரிதப் பணி வாரியம். நாம அவசரப்பட்டா ஊரே அவசரப்படும். வேகம்ங்கறது நாம மத்தவங்களுக்குச் சொல்ற விஷயம். நாமளே செஞ்சுட்டோம்னா அப்புறம் சொல்றதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கும்?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எனக்கு ஒண்ணு புரியல," என்றார் வண்டிப் பிரிவு அதிகாரி. "சீக்கிரம் சார்ஜ் ஏறிடும்னு சொல்றான். சரி. ஏறினப்புறம் மிச்ச நேரத்துல அந்தச் சார்ஜர் என்ன செய்யும்? சும்மா இருக்குமா? சும்மா இருக்கறதை வாங்கி வச்சா நாளைக்கு நம்மளையும் கேள்வி கேப்பாங்க."

எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மேடம் தொண்டையைச் செருமினார். "இந்தக் காலத்துச் சார்ஜர்ல ரெண்டு ஓட்டை இருக்காமே. ரெண்டாவது ஓட்டை யாருக்கு?"

"ஐயாவுக்கு," என்றார் ஒருவர்.

"ஐயா போனும் டிரைவர் போனும் ஒரே சார்ஜர்ல தொங்கறதா? பதவிக்கு என்ன மரியாதை?"

மதியம் முழுவதும் இரண்டாவது ஓட்டையில் போயிற்று. ஓட்டுநர் வாய் திறந்தது ஒரே ஒரு முறை.

"ஐயா, எங்க அப்பாவுக்கு ஞாபகம் சரியில்ல. வெளிய போயிடறார். பாத்தவங்க கூப்பிடும்போது போன்..."

"சொந்தக் கதையெல்லாம் வேண்டாம்பா," என்றார் செயலாளர் அன்பாகவே. "நாங்க கொள்கை பேசிக்கிட்டிருக்கோம்."

இரண்டாவது ஓட்டையைக் காகிதம் ஒட்டி மூடிவிடுவது, முதல் ஓட்டைக்காகப் பொருளை நேரில் பார்வையிடுவது என்று முடிவானது.

பார்வையிடும் குழுவை ஓட்டுநரேதான் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார். தெருமுனையில் போன் சாமான் விற்கிற சின்னக் கடை. கடைக்காரர் கொக்கியிலிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். கட்டைவிரல் அளவு. கறுப்பு. முனையில் வெள்ளி வளையம்.

"பழசு சொட்டுச் சொட்டா ஊத்தும் சார். இது குழாயைத் திறந்து விட்ட மாதிரி. ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள பாதி ஏறிடும். பில் போடட்டுமா?"

"இருங்க," என்றார் செயலாளர். "இதைவிட மெதுவா ஏதாவது இருக்கா?"

"மெதுவாவா?"

"ஒப்பிட்டுப் பார்க்கணும்ல?"

"மெதுவானதை இப்பெல்லாம் நான் வாங்கறதே இல்ல சார். யாரும் கேக்கறதில்ல."

"நாங்க கேக்கறோமே."

கடைக்காரர் ஓட்டுநரைப் பார்த்தார். ஓட்டுநர் சார்ஜரைப் பார்த்தார். கை நீட்டினால் எட்டும் தூரம். அவருக்கே தெரியாமல் கை சட்டைப் பைக்குப் போனது.

"சார், நானே வாங்கி வாரியத்துக்கு அன்பளிப்பா குடுத்துடறேன் சார்."

செயலாளர் பதறிவிட்டார். "கையை எடு! ஊழியர்கிட்ட மேலதிகாரிங்க அன்பளிப்பு வாங்கினா அதுக்குப் பேர் லஞ்சம்பா. எங்களை ஜெயிலுக்கு அனுப்பறதா உத்தேசமா?"

சார்ஜரை முன்னாலும் பின்னாலும் படம் பிடித்துக்கொண்டு குழு கிளம்பியது. அதைவிட மெதுவான சார்ஜரைத் தேடிப் பல கடைகள் ஏறி இறங்கியது. ஒருவழியாக ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. அது வேலையே செய்யவில்லை. அதைவிட மெதுவாக எதுவும் இருக்க முடியாது என்று திருப்தியான பிறகு, முதல் கடைக்குத் திரும்பிவந்து அந்தக் கறுப்புச் சார்ஜரையே வாங்கினார்கள்.

வாங்கியது இரும்பு அலமாரிக்குள் போயிற்று.

"சார், சொருகிக்கட்டுமா?"

"என்னப்பா நீ! வாரியமே துரிதமா ஒரு பொருள் வாங்கியிருக்கு. தொடக்க விழா இல்லாம எப்படி?"

விழாவுக்கு வேகத்தைப் பற்றிப் புத்தகம் எழுதிய நிபுணர் ஒருவர் வெளியூரிலிருந்து ரயிலில் வருவதாக ஏற்பாடு. வயதானவர், வெள்ளைச் சட்டை போடுவார், இறங்கியதும் போன் செய்வார் என்று ஓட்டுநருக்குச் சொன்னார்கள். அன்று காலையில் நாற்காலி வந்ததா, பூங்கொத்து வந்ததா, ஐயா முகம் எப்படி இருக்கிறது என்று ஆளாளுக்குக் கூப்பிட்டதில், ரயில் நிலையம் போய்ச் சேரும்போதே போன் கறுத்துவிட்டது. நிபுணர் கிழக்கு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் மேற்கு வாசலில் நின்று வெள்ளைச் சட்டை போட்ட கிழவர்களை எல்லாம் வணங்கிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதற்குள் கூட்டம் கலைந்து நிலையமே காலியாகிவிட்டது.

"போன் எடுக்க மாட்டீங்களா தம்பி?"

"சார்ஜ் இல்லீங்க ஐயா."

"கார்ல சார்ஜர் வச்சுக்கக் கூடாதா?"

"அதைத் திறந்து வைக்கத்தான் ஐயா நீங்க வந்திருக்கீங்க."

நிபுணர் கார் கதவைத் தானே திறந்து ஏறிக்கொண்டார்.

வாரியத்து முற்றத்தில் காரை நிறுத்தும்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல் கேட்டது. ஓட்டுநருக்குக் கால் பிரேக்கிலேயே உறைந்துவிட்டது. சின்ன வயதில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்ட குரல்.

"...இந்த விஷயம் நமது கவனத்துக்கு வந்திருக்கிறது. வராமல் இல்லை. வந்ததைக் குறித்துக்கொண்டோம். குறித்துக்கொண்டதை மறக்கவில்லை."

கைதட்டல்.

ஓட்டுநர் ஓடினார். வாசல் காவலர் வழியை மறித்தார்.

"மெதுவாப்பா! உள்ள விருந்தினர் பேசறாரு."

"விருந்தினர் என் கார்ல இருக்காருய்யா! அது யாரு?"

"என்ன உளர்ற? நீ வர்றதுக்குக் காணோம். அவரு ஆட்டோவுல வந்து இறங்கிட்டாரு. ஆட்டோக்காரன் சட்டைப் பையை விரிச்சுக் காட்டறான், நம்ம வாரியம் பேரு தைச்சிருக்கு. சட்டைப் பைக்குள்ளயே வாரியத்தைத் தாங்கறவரு வேற யாரு இருப்பாங்க? பெரிய மனுஷன்யா. 'நேரமாச்சா?'ன்னு கேட்டாரு. ஆச்சுங்க ஐயான்னு மேடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

மேடையில் இயக்குநருக்குப் பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். குத்திய பேனா. ஒரு கையில் பூங்கொத்து. இன்னொரு கையில் சார்ஜர் பெட்டி. ஒரு கால் செருப்பு இல்லை. எவ்வளவு தூரம் நடந்தாரோ, முழங்கால் துணியில் மண்ணும் கொஞ்சம் ரத்தமும் ஒட்டியிருந்தன. மேஜை விரிப்பு மறைத்ததில் அது பக்கவாட்டில் நின்ற ஓட்டுநருக்கு மட்டும்தான் தெரிந்தது.

"அவசரம் காட்ட வேண்டியதில்லை," என்றார் அப்பா. "ஆனால் தாமதமும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில்தான் நான் இத்தனை காலமும் ஆபீசுக்குப் போய்வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார். "இன்றைக்கு அந்த வழிதான் தெரியவில்லை."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு பேச்சை வாரியம் கேட்டதில்லை என்று இயக்குநர் எழுந்து கைகுலுக்கினார். பெயர், ஊர், மகன் முகம் எல்லாம் போன மனிதரிடம் அலுவலகப் பேச்சு ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தது.

ஓட்டுநர் செயலாளரை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார்.

"சார், அது எங்க அப்பா சார்."

"எது?"

"மேடையில இருக்கறவர். அடிபட்டிருக்கு சார். நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

செயலாளரின் முகம் வெளுத்தது. நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா கைகுலுக்கிட்டார்பா. ஐயா கைகுலுக்கினவர் நிபுணர்தான். அதுல மாத்தம் கிடையாது. இன்னொண்ணும் யோசி. சார்ஜர் கேட்டது நீ. சார்ஜர் இப்ப இருக்கறது அவர் கையில, விருந்தினருக்கு நினைவுப் பரிசுன்னு ஐயாவே அதைக் குடுத்துட்டார். அவர் உன் அப்பான்னா, வாரியப் பொருளை உன் குடும்பத்துக்கே மேடை போட்டு நீ எடுத்துக்கிட்டதா ஆகும். வேலை போகும். ஓய்வூதியமும் போகும். நிதானமா சொல்லு. அவர் யாரு?"

ஓட்டுநர் அப்பாவைப் பார்த்தார். அப்பா யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க சார்," என்றார்.

"நல்ல பிள்ளை. விருந்தினரை மரியாதையா வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு வா."

"எங்க விடணும் சார்?"

"அவர் சொல்ற இடத்துல."

உண்மையான நிபுணர் காரிலிருந்து இறங்காமலே இருந்தார். விழா முடிந்துவிட்டது, விருந்தினர் பேசியாகிவிட்டது என்று காவலர் சொன்னதும், "நல்லதாப்போச்சு, எனக்கும் தொண்டை சரியில்ல" என்று இறங்கி ஆட்டோ பிடித்து ரயிலுக்கே போய்விட்டார். வேகத்தைப் பற்றி அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவைப் பின் இருக்கையில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் உட்காரும் இடம். செயலாளரும் மேடமும் வண்டிப் பிரிவு அதிகாரியும் வரிசையாக நின்று கையசைத்தார்கள். அப்பாவும் அசைத்தார்.

தெரு திரும்பியதும் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"அப்பா, முழங்கால் வலிக்குதா?"

"யாரைக் கேக்கறீங்க?"

"உங்களைத்தாம்ப்பா."

"வலிக்குது. ரோட்டைத் தாண்டும்போது விழுந்துட்டேன். ஒரு அம்மா தூக்கிவிட்டாங்க. என் மகனுக்குப் போன் போட்டாங்க. அவன் எடுக்கல." பையை விரித்து முன்னால் நீட்டினார். "நீங்க ஒரு தடவை அடிச்சுப் பாருங்க தம்பி. நம்பர் இதோ."

ஓட்டுநர் அதைப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்த்தார். மனைவியின் தையல். சிவப்பு நூல்.

"என் போன்ல சார்ஜ் இல்லீங்க. உங்க கையில இருக்கே ஒரு பெட்டி, அதைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா கார்ல சொருகிடுவேன். டீ குடிக்கற நேரத்துல ஏறிடும். உடனே உங்க மகன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிடலாம்."

அப்பா பெட்டியைப் பார்த்தார். மெல்ல அதைப் பூங்கொத்துக்குக் கீழே மறைத்துக்கொண்டார்.

"இது அவனுக்கு. அவன் போன்லதான் சார்ஜே நிக்கறதில்லையாம். வீட்டுல பேசிக்கிட்டாங்க."

"நான்தாம்ப்பா அது. நான்தான் உங்க மகன்."

அப்பா நெடுநேரம் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் குரல் மேடையில் இருந்தது போலவே தெளிவாக இருந்தது.

"எழுதிக் குடுங்க. பரிசீலிக்கறோம்."

"சரிங்க ஐயா," என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.